ஒரு காது மட்டும் மந்தமா? ஹெட்ஃபோன் மேல் பழி போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2024 ஜூன் மாதம் பாலிவுட் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட்டார். விமானத்தை விட்டு இறங்கும்போது திடீரென்று எதுவுமே கேட்கவில்லை என்றும், வைரஸ் தாக்குதலால் செவிநரம்பு சார்ந்த அரிய கேள்திறன் இழப்பு ஏற்பட்டிருப்பதாக மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றும் அதில் எழுதியிருந்தார். அதிக சத்தமான இசை, ஹெட்ஃபோன் விஷயத்தில் கவனமாக இருங்கள் என்று இளைஞர்களுக்கு அறிவுரையும் சொன்னார்.

அடுத்த சில நாட்களுக்கு எங்கு பார்த்தாலும் ஹெட்ஃபோன் பேச்சுதான். அது தேவையான பேச்சு. உலகம் முழுக்க 100 கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பாதுகாப்பற்ற முறையில் இசை கேட்பதால் காது பாதிக்கப்படும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

ஆனால், இந்தப் பேச்சில் ஒரு சிக்கலும் இருக்கிறது. காதில் எந்தப் பிரச்னை வந்தாலும் "எந்நேரமும் இயர்பட்ஸ் போட்டுட்டே இருந்தா இப்படித்தான்" என்று முடித்துவிடுகிறோம். சத்தத்தால் வரும் பாதிப்பு பொதுவாக இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். வயதால் வரும் மந்தமும் அப்படித்தான். ஒரு காது மட்டும் மெல்ல மெல்ல மங்கினால், அதற்குத் தனியாக ஒரு காரணத்தைத் தேட வேண்டும். அந்தக் காரணங்களில் அரிதான, ஆனால் தவறவிடக் கூடாத ஒன்று, காதுக்குள்ளும் மண்டையோட்டின் அடிப்பகுதியிலும் மெதுவாக வளரும் கட்டிகள்.

அல்கா யாக்னிக்குக்கு வந்தது கட்டி அல்ல. அதே நேரம், "நரம்புதான் பாதிச்சிருக்கு" என்று தெரிந்த பிறகு "எதனால்?" என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அந்தக் கேள்வியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இவை என்ன கட்டிகள்?

இந்த வகையில் அதிகம் காணப்படுவது 'வெஸ்டிபுலர் ஷ்வானோமா'. 'அக்கூஸ்டிக் நியூரோமா' என்பது இதன் பழைய பெயர். இது புற்றுநோய் அல்ல, உடலின் வேறு பாகங்களுக்குப் பரவாது. உள்காதிலிருந்து மூளைக்குச் செல்லும் எட்டாவது மண்டை நரம்பில், உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் கிளையைச் சுற்றியிருக்கும் உறைச் செல்களில் இருந்து வளர்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஓரிருவருக்கு வரும் என்பது பழைய கணக்கு. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரவலான பிறகு அந்த எண்ணிக்கை கூடியிருக்கிறது. பெரும்பாலும் 50 வயதை ஒட்டித் தெரியவரும். இளைஞர்களுக்கும் வரலாம்.

இரண்டாவது வகை, 'பாராகாங்லியோமா'. 'குளோமஸ் கட்டி' என்றும் சொல்வார்கள். நடுக்காதிலோ, அதற்குக் கீழே கழுத்துப் பெருநாளம் மண்டையோட்டை விட்டு வெளியேறும் இடத்திலோ வளரும். இதில் ரத்த ஓட்டம் மிக அதிகம். ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

இவை தவிர, முக நரம்பில் வளரும் ஷ்வானோமா, மூளை உறையில் இருந்து வளரும் மெனிஞ்சியோமா, மண்டையோட்டின் அடி எலும்பில் வரும் மிக அரிதான கோர்டோமா ஆகியவையும் இந்தப் பகுதியில் வரக்கூடியவை.

புற்றுநோய் இல்லைன்னா எதுக்குப் பயப்படணும்?

காரணம், இடம். உள்காதிலிருந்து மூளைக்கு நரம்புகள் போகும் எலும்புக் குழாயின் நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். அந்தச் சின்னக் குழாய்க்குள் கேட்கும் நரம்பு, சமநிலை நரம்பின் இரு கிளைகள், முகத்தை அசைக்கும் நரம்பு, உள்காதுக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. சில மில்லிமீட்டர் கட்டி வந்தாலே முதலில் அடி வாங்குவது கேட்கும் திறன்.

கட்டி குழாயைத் தாண்டி வளர்ந்தால், முகத்தில் தொடு உணர்வைத் தரும் நரம்பைத் தொடும். இன்னும் பெரிதானால் சிறுமூளையையும் மூளைத்தண்டையும் அழுத்தும். மூளையைச் சுற்றி ஓடும் திரவத்தின் பாதையை அடைத்தால் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் என்று போய், உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தக் கடைசிக் கட்டம் வர பல ஆண்டுகள் ஆகும். இடைப்பட்ட ஆண்டுகளில் கண்டுபிடிக்க நிறைய வாய்ப்புகள் இருக்கின்றன.

ஹாலிவுட் நடிகர் மார்க் ரஃபலோவின் அனுபவம் உலகறிந்தது. 'அவெஞ்சர்ஸ்' படங்களில் ஹல்க்காக வருபவர். 2001-ல், முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தபோது, தனக்கு மூளைக் கட்டி இருப்பதாகக் கனவு கண்டு, அதை மருத்துவரிடம் சொல்லி ஸ்கேன் எடுத்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இடது காதுக்குப் பின்னால் கோல்ஃப் பந்து அளவுக்கு வெஸ்டிபுலர் ஷ்வானோமா இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு முகத்தின் ஒரு பக்கம் பல மாதங்கள் செயலிழந்து பின்னர் மீண்டது. இடது காதின் கேள்திறன் மட்டும் திரும்பவே இல்லை.

எல்லோருக்கும் கனவு வராது. ஆனால், உடல் வேறு சில குறிப்புகளைத் தரும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

ஒரு காதில் மட்டும் கேள்திறன் குறைவது: வெஸ்டிபுலர் ஷ்வானோமா உள்ளவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இது இருக்கும். "சத்தம் கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்பதுதான் இதன் தனித்தன்மை. நரம்பு வழியே போகும் தகவல் சிதைவதால் ஒலி வந்து சேர்ந்தாலும் சொற்கள் தெளிவாக விழாது. நாளடைவில் ஃபோனை ஒரே காதில் மட்டும் வைத்துப் பேசும் பழக்கம் வந்துவிடும். யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கமிருந்து குரல் வருகிறது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல்: 'ஙொய்' என்றோ, விசில் போலவோ, தொடர்ந்து ஒரே பக்கம் கேட்பது.

நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்கும் சத்தம்: 'டப், டப்' என்று இதயத் துடிப்புக்கு இணையாகக் காதில் சத்தம் கேட்டால், அது மேலே சொன்ன இரைச்சலில் இருந்து வேறுபட்டது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், குளோமஸ் கட்டியின் முக்கிய அடையாளம் இதுதான். மருத்துவர் கருவி வைத்துப் பார்க்கும்போது செவிப்பறைக்குப் பின்னால் சிவந்த புடைப்பு தெரியலாம். கட்டி கீழ்ப்பக்கமாக வளர்ந்தால் குரல் கரகரக்கும், விழுங்கச் சிரமமாகும்.

தள்ளாட்டம்: இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சமநிலை நரம்பில் வரும் கட்டி என்றால் தலை கிறுகிறுவென்று சுற்ற வேண்டும் என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கட்டி மெதுவாக வளர்வதால் மூளைக்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. இன்னொரு காது, கண், கால் தசைகள் தரும் தகவல்களை வைத்து மூளை சமாளித்துவிடுகிறது. அதனால், இருட்டில் நடக்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ லேசாகத் தடுமாறுவது மட்டுமே வெளியில் தெரியும்.

முகத்தில் மாற்றம்: ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, முகம் கோணுவது. முகவாதம் என்று பரவலாகச் சொல்லப்படும் பெல்ஸ் பால்ஸி பொதுவாக மூன்று நாட்களுக்குள் முழுவீச்சில் வந்துவிடும், பிறகு படிப்படியாகச் சரியாகும். அப்படியில்லாமல் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல முகம் கோணினாலோ, மூன்று மாதமாகியும் முழுதாகத் தேறாவிட்டாலோ, அதே பக்கம் மறுபடி மறுபடி வந்தாலோ ஸ்கேன் தேவைப்படும்.

இதில் ஒன்று இருந்தாலே கட்டியா?

இல்லை. ஒரு பக்கக் காதடைப்புக்கு மிகப் பொதுவான காரணங்கள் காது அழுக்கு, சளி பிடித்தபின் நடுக்காதில் தங்கும் நீர், தொற்று ஆகியவைதான். ஒரு பக்கம் கேள்திறன் குறைந்து எம்.ஆர்.ஐ. எடுப்பவர்களிலும் நூற்றில் சிலருக்கு மட்டுமே கட்டி தெரியவருகிறது. அதனால் பதற்றம் வேண்டாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் குறைந்திருப்பது உறுதியானால், அதைக் காரணம் தெரியாமல் விடக் கூடாது.

வீட்டிலேயே சில விஷயங்களைச் சரிபார்க்கலாம். இயர்பட்ஸில் ஒரு பக்கம் சத்தம் குறைவாக இருந்தால், முதலில் ஃபோன் செட்டிங்ஸில் இடது-வலது பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, ஒரே அழைப்பின்போது ஃபோனையே இரண்டு காதிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேளுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி கேட்டால் கோளாறு இயர்பட்ஸில். ஒரு காதில் மட்டும் மங்கினால் கோளாறு காதில்.

இன்னொன்று, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பார்ப்பது. காது அழுக்கு, நீர் போன்ற அடைப்பு என்றால், மந்தமாக இருக்கும் காதில்தான் அந்தச் சத்தம் அதிகமாகக் கேட்கும். நரம்புப் பக்கப் பிரச்னை என்றால் நன்றாக இருக்கும் காதின் பக்கம் அதிகமாகக் கேட்கும். மருத்துவர்கள் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்யும் சோதனையின் அடிப்படையும் இதுதான். இதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் "அழுக்குதான், தானா சரியாயிடும்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல் இருக்க இது உதவும்.

எங்கே தவறிப்போகிறது?

அறிகுறியைக் கவனித்து மருத்துவரிடம் போன பிறகும் இந்தக் கட்டிகள் தவறவிடப்படுவது உண்டு. அதற்குச் சில வழக்கமான இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஆடியோகிராம் எடுக்காமலே சொட்டு மருந்தோடு முடிவது. ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. எல்லாம் அடங்கிய முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் பலவற்றில் கேள்திறன் பரிசோதனை இருப்பதில்லை. சுமார் அரை மணி நேரத்தில் முடியும், ஊசியோ வலியோ இல்லாத பரிசோதனை இது. இரண்டு காதுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை எண்ணாகக் காட்டிவிடும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அடுத்தடுத்த இரண்டு அதிர்வெண்களில் இரு காதுகளுக்கும் இடையே நரம்பு சார்ந்த வித்தியாசம் 15 டெசிபல் அல்லது அதற்கு மேல் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பதைப் பரிசீலிக்க வேண்டும்.

இரண்டாவது, தவறான ஸ்கேன். "தலையில ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல்" என்று சொல்பவர்களிடம் அது என்ன ஸ்கேன் என்று கேட்க வேண்டும். சாதாரண சி.டி. ஸ்கேனில் அந்த எலும்புக் குழாய்க்குள் இருக்கும் சிறிய கட்டி தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். 'பெரா' எனப்படும் செவிநரம்புப் பரிசோதனையும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளைத் தவறவிடலாம். உள்காதுக் குழாயை மையப்படுத்தி, 'காண்ட்ராஸ்ட்' மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான் இன்றைக்கு மிக நம்பகமான பரிசோதனை. சில மில்லிமீட்டர் கட்டியைக்கூட இது காட்டிவிடும்.

மூன்றாவது, ஸ்டீராய்டு தந்ததும் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடுவது. திடீர் கேள்திறன் இழப்போடு வருபவர்களில் சிறு பகுதியினருக்குப் பின்னணியில் கட்டி இருக்கும். அவர்களுக்கும் ஸ்டீராய்டில் காது ஓரளவு திரும்பலாம். அதனால், காது தேறிவிட்டது என்பதை வைத்துக் கட்டி இல்லை என்று சொல்ல முடியாது.

நான்காவது, குளோமஸ் கட்டியைச் சாதாரணச் சதை வளர்ச்சி என்று நினைத்துத் துணுக்கு எடுக்கப் போவது. ரத்தம் பீறிட்டு வரும் ஆபத்து இருப்பதால், முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே முறை.

இந்தத் தாமதங்களுக்கு ஒரு விலை இருக்கிறது. இந்தியாவின் நரம்பியல் அறுவை சிகிச்சை மையங்களில் இருந்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்தால், பெரிய, மிகப் பெரிய கட்டிகளோடு வந்து சேரும் நோயாளிகள் திரும்பத் திரும்பத் தென்படுகிறார்கள். ஒரு காது பல ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டிருக்கும். இன்னொரு காது இருப்பதால் வேலை நடந்துகொண்டிருக்கும். தலைவலியோ தள்ளாட்டமோ வந்த பிறகுதான் ஸ்கேன் வரை வருவார்கள். எம்.ஆர்.ஐ. எளிதில் கிடைக்கும் நாடுகளில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத கட்டிகள் கண்டுபிடிக்கப்படுவது சாதாரணமாகிவிட்டது. நோய் ஒன்றுதான். எந்தக் கட்டத்தில் தெரியவருகிறது என்பதுதான் வித்தியாசம்.

கட்டி இருந்தால் உடனே ஆபரேஷனா?

இந்தக் கேள்விக்கான பதில் கடந்த நூறு ஆண்டுகளில் தலைகீழாக மாறியிருக்கிறது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த அறுவை சிகிச்சைக்குப் போனவர்களில் பிழைத்தவர்கள் குறைவு. அமெரிக்க நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் 1917-ல் இந்தக் கட்டிகளைப் பற்றித் தனி நூலே எழுதி, இறப்பைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். 1960-களில் லாஸ் ஏஞ்சலிஸின் வில்லியம் ஹவுஸ், நுண்ணோக்கியைப் பயன்படுத்திக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு வழியாகக் கட்டியை அணுகும் முறையை வளர்த்தெடுத்தார். அதே காலகட்டத்தில் சுவீடனில் லார்ஸ் லெக்செல் காமா நைஃப் கருவியை உருவாக்கினார்.

இன்றைக்கு மூன்று வழிகள் உள்ளன.

கண்காணிப்பு: சிறிய கட்டிகள் பல, ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் வளரும். பல வளராமலே நின்றுவிடும். அதனால் ஆறு மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று பார்த்துக்கொண்டே இருப்பதும் முறையான சிகிச்சைதான்.

கதிர் சிகிச்சை: காமா நைஃப் போன்ற கருவிகளால், கத்தி வைக்காமல், துல்லியமான கதிர்வீச்சைக் கட்டியின் மேல் குவிப்பது. கட்டியை அகற்றுவது இதன் நோக்கம் அல்ல, வளர்ச்சியை நிறுத்துவதுதான். பொதுவாக மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளுக்குப் பொருந்தும். 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வளர்ச்சி கட்டுக்குள் வருகிறது.

அறுவை சிகிச்சை: மூளைத்தண்டை அழுத்தும் பெரிய கட்டிகளுக்கு இதுதான் வழி. முக நரம்பைக் காப்பாற்றுவதுதான் இதில் பெரிய சவால். கட்டி பெரிதாக ஆக, அது கடினமாகிறது.

எது சிறந்தது என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. நார்வேயில் நடந்து 2023-ல் ஜாமா இதழில் வெளியான ஆய்வு, புதிதாகக் கண்டறியப்பட்ட சிறிய, நடுத்தரக் கட்டிகள் உள்ள 100 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு உடனே கதிர் சிகிச்சை, இன்னொரு பாதிக்குக் கண்காணிப்பு. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, உடனே சிகிச்சை பெற்றவர்களின் கட்டி சுருங்கியிருந்தது. கண்காணிப்பில் இருந்தவர்களில் ஐந்தில் இருவருக்குப் பின்னர் கதிர் சிகிச்சை தேவைப்பட்டது. ஆனால் கேள்திறன், வாழ்க்கைத் தரம் போன்றவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பார்க்கலாமா, கதிர் கொடுக்கலாமா என்று யோசிக்கும் சலுகை சிறிய கட்டி உள்ளவருக்குத்தான் கிடைக்கிறது. இழந்த கேள்திறனை இந்த மூன்றில் எதுவும் பெரும்பாலும் திருப்பித் தருவதில்லை. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியமாகிறது.

செல்ஃபோனால் வருமா?

காதோரம் ஃபோனை வைக்கும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. 2011-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, செல்ஃபோன் போன்ற கருவிகளின் ரேடியோ அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் உள்ளவை' என்ற பட்டியலில் சேர்த்தபோது, சில ஆய்வுகளில் தெரிந்த அக்கூஸ்டிக் நியூரோமா தொடர்பும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதன்பின் வந்த பெரிய ஆய்வுகள் அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தவில்லை. டென்மார்க், ஃபின்லாந்து, நெதர்லாந்து, சுவீடன், பிரிட்டன் நாடுகளில் 2.6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த 'காஸ்மோஸ்' ஆய்வு 2024-ல் வெளியானது. அதிக நேரம் ஃபோன் பேசியவர்களுக்கு இந்தக் கட்டி அதிகம் வந்ததாக அதில் தெரியவில்லை.

பரம்பரையாக வருமா?

பெரும்பாலானவர்களுக்கு இல்லை. ஆனால் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. இரண்டு காதிலும் வெஸ்டிபுலர் ஷ்வானோமா வந்தாலோ, 30 வயதுக்குள் வந்தாலோ, 22-வது குரோமோசோமில் உள்ள 'என்.எஃப்.2' மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாராகாங்லியோமாவிலும் கணிசமானவர்களுக்கு மரபணுக் காரணம் உண்டு. இதில் ஒரு வகை, அப்பா வழியாகக் கோளாறு வரும்போதுதான் பெரும்பாலும் கட்டியாக வெளிப்படும். குடும்பத்தில் யாருக்காவது கழுத்திலோ காதிலோ இப்படிக் கட்டி இருந்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

எப்போது போக வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

ஒரு காது திடீரென்று, அதாவது மூன்று நாட்களுக்குள் கேட்காமல் போனால் அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் அதிகம் பலன் தரும். வார இறுதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முகம் கோணுவதற்கும் இதே வேகம் வேண்டும்.

ஒரு காது மெதுவாக மங்கினால், ஒரு பக்க இரைச்சல் வாரக்கணக்கில் நிற்காவிட்டால், நாடித்துடிப்போடு சத்தம் கேட்டால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்த்து ஆடியோகிராம் எடுக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவிலும் இதை எடுக்கலாம்.

மருத்துவரிடம் "காது சரியா கேட்கல" என்று மட்டும் சொல்லாமல், எந்தக் காது, எத்தனை மாதமாக, ஃபோனில் பேச்சு புரிகிறதா, இரைச்சல் எந்தப் பக்கம், நடையில் தடுமாற்றம் உண்டா என்று குறித்து வைத்துச் சொல்வது நல்லது. ஆடியோகிராமில் இரு காதுக்கும் வித்தியாசம் இருந்தால், "இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ன டாக்டர், எம்.ஆர்.ஐ. தேவைப்படுமா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். பழைய ஆடியோகிராம்களையும் தூக்கிப் போடாமல் ஃபோனில் படம் எடுத்து வைத்திருங்கள். மெதுவாக வளரும் ஒன்றைப் பிடிக்க, போன வருட எண்ணையும் இந்த வருட எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.